மூன்றாவது தீவின் சிவப்புக் கதவு

கணினி விளையாட்டுக்காக நான் இதுவரை ஒரு பைசா கொடுத்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். வியாழக்கிழமைதோறும் இணையத்தில் ஒரு கடை ஏதாவது ஒரு கேமை இலவசமாகக் கொடுக்கும். பட்டனை அழுத்தினால் போதும், நம் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தவறாமல் அழுத்துவேன். அப்புறம் அதைத் திறந்துகூடப் பார்க்கமாட்டேன். எங்கே நேரம்? இனிமேல் வரப்போகிற கேம்களைப் பற்றிப் படிக்கவே பொழுது பற்றவில்லை. கையில் இருப்பதை விட்டுவிட்டு, வரப்போவதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்பது ஒரு வியாதி. எனக்கு அது முற்றிப்போயிருந்தது.

பிழைப்பு என்று பார்த்தால், காரைக்குடியில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை. பகல் முழுக்க இன்னார் மனைக்குக் கிழக்கு, இன்னார் வீட்டுச் சுவருக்கு வடக்கு என்று அடித்துக்கொண்டிருப்பேன். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வரத் தாமதமானால், சத்தத்தை அமர்த்திவிட்டுப் போனில் டிரெய்லர் பார்ப்பேன். ஒரே டிரெய்லரை முப்பது தடவை. கல்யாணம் ஆகாத முப்பத்து நான்கு வயது ஆள், இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? அக்கா வீட்டுக்குப் போனால், “இன்னும் பொம்மைய வச்சு வெளையாடிக்கிட்டுத்தான் திரியிறியா?” என்பாள். சிரித்து மழுப்பிவிடுவேன்.

ஊரிலேயே இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவனைப் பார்த்தேன். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டிய அளவுக்கு ஒரு மொபைல் ரிப்பேர் கடை. போன் திரை உடைந்துபோய் அங்கே போயிருந்தேன். கடைக்காரன், போன் பாகங்களைப் பற்றவைக்கும்போது பார்க்கிற பெரிய பூதக்கண்ணாடியை இழுத்து லேப்டாப் திரைக்கு முன்னால் நிறுத்தி, அதன் வழியாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னவென்று எட்டிப் பார்த்தால், நான் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அதே டிரெய்லர்.

ஒரு கொரியக் கம்பெனி அறிவித்திருந்த கேம் அது. எங்கு பார்த்தாலும் கடல், நடுநடுவே தீவுகள், ஒரு சின்னப் பாய்மரப் படகு. எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்க்கொண்டே இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். வெளிவந்தால் யாரும் காசில்லாமல் விளையாடலாம். எப்போது வெளிவரும் என்ற இடத்தில் மட்டும் ‘விரைவில்’ என்று போட்டிருந்தது.

“இது எப்ப வருது?” என்று கேட்டேன். அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

“ஒங்களுக்கு இது தெரியுமாண்ணே?” என்றவன், போனை வாங்கக்கூட இல்லை, திரையைத்தான் என் பக்கம் திருப்பினான். “இங்குட்டுப் பாருங்க. மூணாவது தீவுல ஒரு வீடு தெரியுதுல்ல? செவப்புக் கதவு. அது தெறக்குமாண்ணே? இல்ல, சும்மா வரஞ்சு வச்சிருக்கானுகளா?”

விளையாடுகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியின் அருமை தெரியும். கேம்களில் வரும் வீடுகளில் பெரும்பாலான கதவுகள் வெறும் படம். ஊர் ஊராகச் சுவரும் கதவும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நூறு கதவைத் தட்டி ஏமாந்தவன்தான் நூற்றியோராவது கதவைப் பார்த்து இப்படிக் கேட்பான். அந்த டிரெய்லரை முப்பது தடவை பார்த்தும் அந்தக் கதவு என் கண்ணில் பட்டிருக்கவில்லை. அன்றைக்கே நாங்கள் சிநேகிதர்களாகிவிட்டோம். ஒரு மாதத்தில் அண்ணே போய் மாப்ள வந்துவிட்டது.

அவனுக்கு நேமத்தான்பட்டி. தினமும் டவுன் பஸ்ஸில் வந்து கடையைத் திறப்பான். சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிடுவான். நான் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தேன். அந்தக் காலத்துச் சுவர், முழங்கை நீளத் தடிமன், வைஃபை உள்ளே வந்தால்தானே? முன்கட்டிலிருந்து தண்ணீர் போகும் துளை வழியாக ஒயரை இழுத்து இணைப்புக் கொடுத்தது அவன்தான். கணினியும் அவன் செய்து கொடுத்ததுதான். மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து ஒரு மதர்போர்டு, எவனோ கழித்துப் போட்ட கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கிவந்து, செத்துக் கிடந்ததற்கெல்லாம் உயிர் கொடுத்துச் சேர்த்தான். அவனுடைய சொந்த லேப்டாப்பில் டிரெய்லர் ஓடினாலே பெரிசு. “கேம் வந்துச்சுன்னா இதுலதான் மாப்ள வெளையாடணும். தெரிஞ்சுக்க, எனக்குத்தான் மொத ஆட்டம்,” என்பான். “நீயே ஆடு ராசா,” என்பேன்.

இலவசமாகக் கிடைத்த கேம்களை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். கேம்களை இலவசமாகக் கொடுக்கும் அந்த இணையக் கடையின் செயலியில் நண்பர்கள் பட்டியல் உண்டு, அதில் யார் என்ன விளையாடுகிறார்கள் என்று பெயருக்குக் கீழே பச்சை எழுத்தில் காட்டும். மற்ற நாட்களில் என் பெயருக்குக் கீழே பச்சை வந்துவிட்டால் உடனே போன் அடிப்பான். “என்ன மாப்ள, பத்திரமெல்லாம் பதிஞ்சு முடிஞ்சுச்சா?” என்று ஓட்டுவான்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே சர்க்கரை. சோறு போடுவதற்கு முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு வயிற்றில் ஊசி குத்திக்கொள்வான், கண் திரையிலேயே இருக்கும். ஒருநாள், “கண்ணுக்குள்ள நூலாம்படை மாதிரி என்னமோ ஓடுதுடா,” என்றான். திரையைத் துடை என்றேன். திரையில் ஒன்றும் இல்லை. மதுரைக்குப் போனான். லேசர் வைத்தார்கள். மறுபடி போனான், மறுபடி வைத்தார்கள். ஒரு வருடத்தில் இடது கண் போய்விட்டது. வலது கண்ணிலும் ரத்தம் கசிய ஆரம்பித்தது. அவன் அம்மா பிள்ளையார்பட்டிக்கு நடந்தே போய் வந்தார்.

“என்னதான் சொல்றாக மதுரையில?” என்று கேட்டேன்.

“டாக்டரம்மா ரிலீஸ் தேதி சொல்லமாட்டேங்குறாக மாப்ள,” என்றான். “வருசக் கடைசிங்குறாக. முன்னப் பின்ன ஆகலாமாம்.”

அந்தக் கேமும் அப்படித்தான் தள்ளிக்கொண்டே போனது. விரைவில் என்றார்கள், அடுத்த வருடம் என்றார்கள், தரத்தை மேம்படுத்துகிறோம் என்று மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் போட்டார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் ஏமாற்றம். எனக்கு அந்தக் கடிதத்தைப் படிக்கையில் மதுரை டாக்டரம்மா சொன்ன வருசக் கடைசிதான் நினைவுக்கு வந்தது. கேம் முந்துமா, கண் முந்துமா என்பதுதான் கணக்கு. இரண்டு பேருக்கும் அது தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் கடையில் பற்றவைக்கும்போது அவனுக்குக் கை தவறியது, ஒரு போனின் உள்பலகை கருகிப்போனது. அதற்கப்புறம் கடையை விட்டுவிட்டான். சனிக்கிழமை மட்டும் பஸ் ஏறி வருவான். திரையை மூக்கால் தொடுகிற மாதிரி முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டுதான் பார்க்க முடிந்தது. பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு அவன் பிடரிதான் தெரியும். ஒரு இடத்தைக் கடக்கக் கால் மணி நேரம் ஆக்குவான். எனக்கு எரிச்சலாக வரும். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பார்வை போய்க்கொண்டிருக்கிற ஒருத்தன் மேல், திரையை மறைக்கிறான் என்று எரிச்சல்பட்டேன்.

அப்போதுதான் அந்தக் கம்பெனிக்காரன், வெளியிடுவதற்கு முன்னால் ஒரு சோதனை ஓட்டம் நடத்தப்போவதாக அறிவித்தான். பெயர் கொடுத்தவர்களில் குலுக்கிப் போட்டுச் சில பேரை மட்டும் கூப்பிடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். போதாததற்கு அக்கா, அத்தான், பத்திர எழுத்தர் என்று கிடைத்த மின்னஞ்சலையெல்லாம் போட்டுவைத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஒரு கிரயப் பத்திரத்தின் நடுவில் எனக்கு மின்னஞ்சல் வந்தது. எனக்கு மட்டும். அந்த இணையக் கடையின் செயலி வழியாக இன்றிலிருந்து ஞாயிறு பத்து மணி வரை விளையாடலாம், யாரிடமும் காட்டக்கூடாது என்று போட்டிருந்தது.

போனை எடுத்து அவன் எண்ணைத் தேடினேன். தேடியவன் அழைக்கவில்லை.

ஏன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். யாரிடமும் காட்டக்கூடாது என்றான் கம்பெனிக்காரன் என்பது சாக்கு. அதையெல்லாம் எண்ணிப் பார்த்தா நான் நடக்கிறேன்? உண்மை என்னவென்றால், எனக்கு முதலில் பார்க்க வேண்டும். முழுத் திரையையும், ஒரு பிடரி மறைக்காமல், என் வேகத்தில். நான்கு வருடமாகக் காத்திருந்தவன் நானும்தானே என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனுக்குத்தான், காலையிலேயே போய்க் கூட்டிவந்துவிடுவோம் என்று முடிவு செய்தபோது, நான் ஒரு நியாயஸ்தன் என்றுகூடத் தோன்றியது. அடப் பாவி.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டேன். காலையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்தக் கடல் இருக்கிறதே, எங்கள் சிவகங்கைச் சீமையில் கண்மாய் நிறைந்தாலே ஊர் கூடி வேடிக்கை பார்க்கும், எனக்கு அவ்வளவு தண்ணீரைப் பார்த்துக் கிறுகிறுத்துவிட்டது. காற்று திரும்பினால் பாய் திரும்பியது. அலையின் முதுகில் வெயில் பட்டு உடைந்தது. பதினோரு மணி வாக்கில் போன் அடித்தது. அவன்தான்.

“என்ன மாப்ள, எங்குட்டு இருக்க?”

“ஆபீஸ்லடா. ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம், ஆளுக வந்து உக்காந்திருக்காக. இன்னைக்கு வராத, நாளைக்குக் கூப்புடுறேன்.”

“சரிடா,” என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் மூன்றாவது தீவில் இறங்கினேன். மணல், சரிவான படி, மேலே அந்த வீடு. சிவப்புக் கதவுக்கு முன்னால் போய் நின்று பட்டனை அழுத்தினேன். ‘இந்தப் பகுதி சோதனையில் சேர்க்கப்படவில்லை’ என்று ஒரு வரி வந்தது. சை என்றிருந்தது. அதற்கு அடுத்த நொடி, நல்லவேளை, அவன் பார்க்க ஏதோ மிச்சம் இருக்கிறது என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனவே குளித்து, பைக்கை எடுக்குமுன் கணினியைத் தயாராகப் போட்டுவிட்டுப் போவோம் என்று தட்டினேன். ‘சோதனை முடிவடைந்தது. பங்கேற்றமைக்கு நன்றி.’ அப்போது மணி ஏழரைகூட ஆகவில்லை. மின்னஞ்சலைத் திறந்து மறுபடி படித்தேன். பத்து மணிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் கொரிய நேரம் என்று இருந்தது. காலைப் பத்து. அங்கே பத்தடிக்கும்போது இங்கே ஆறரை. ராத்திரிப் பத்து என்று நானாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை வெளியீட்டு நேரத்தை எந்தெந்தத் தேசத்து மணியிலிருந்தோ நம் மணிக்கு மாற்றி அவனுக்குச் சொல்லியிருப்பேன். அதில் எனக்கு அவ்வளவு தலைக்கனம். பைக் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன், அன்றைக்கு அவனைக் கூப்பிடவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை நேமத்தான்பட்டிக்குப் போனேன். அவன் உள்ளே படுத்திருந்தான். அம்மா காப்பி கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“போன சனிக்கெழம என்னமோ சட்டையெல்லாம் மாட்டிக்கிட்டு, தலையச் சீவி, வாசலப் பாத்தே உக்காந்திருந்தான் தம்பி. எங்குட்டுடா கெளம்பிட்டேன்னா வாயத் தெறக்கல. ரெண்டு வாய் சாப்புடுறான்னா அதுவும் இல்ல. பொழுது போனப்பறந்தான் சட்டையக் கழட்டுனான். ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா?”

“இல்லம்மா. நீங்க ஒண்ணும் மனசப் போட்டு ஒழப்பிக்காதீக,” என்றேன். மதுரைக்குக் கிளம்ப நினைத்திருப்பான் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளே போனதும் அவன், “கேம் சேதி ஏதாச்சும் உண்டா மாப்ள?” என்று கேட்டான். “ஒண்ணும் இல்லடா,” என்றேன். லேசாகச் சிரித்தான்.

அதற்குப் பிறகு இரண்டே மாதம். வலது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டை அவிழ்த்தபோது ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் சொன்னான். இன்றைக்கும் அவ்வளவுதான் தெரிகிறது.

கேம் வந்தது, அடுத்த வருடம். இந்தத் தடவை சொன்ன தேதி தவறவில்லை. அவனிடம் சொல்லவே வேண்டாம் என்றிருந்தேன். ஆனால் அவனுடைய போன், வருகிற செய்தியையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டும். அவனே கூப்பிட்டான். “வந்துருச்சுடா! சனிக்கெழம வாரேன். பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும் வந்துரு.”

கோலைத் தட்டிக்கொண்டு இறங்கியவனைக் கூட்டிவந்தேன். அதே நாற்காலியில் உட்காரவைத்தேன். உட்கார்ந்ததும் கையை நீட்டிக் கணினிப் பெட்டியைத் தடவிப் பார்த்தான். “காத்தாடி சத்தம் சரியில்ல. தூசி அடச்சிருக்கு,” என்றான். பிறகு நன்றாகச் சாய்ந்துகொண்டான். திரைப் பக்கம் முகத்தைக் கொண்டுபோகவே இல்லை. முழுத் திரையும் எனக்குத் தெரிந்தது.

“மொத ஆட்டம் எனக்குன்னேன்ல. சரி, ஒனக்கே விட்டுக் கொடுக்குறேன். நீ ஓட்டு, நீ சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லணும்.”

சொன்னேன். கடலின் நிறத்தைச் சொன்னேன், பாயில் இருந்த ஒட்டுத் துணியைச் சொன்னேன். எல்லாவற்றையும் அப்போதுதான் பார்ப்பவன் மாதிரி, “அடேயப்பா,” “இந்தா பாருடா,” என்று குரலை ஏற்றி ஏற்றிச் சொன்னேன். என் நடிப்பு எனக்கே குமட்டியது. அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். அலைச் சத்தம் வரும்போதெல்லாம் அவன் முகம் மலர்ந்தது, அதைப் பார்க்கத்தான் எனக்குத் திராணியில்லை. மூன்றாவது தீவில் இறங்கி, மணலைச் சொல்லி, படியைச் சொல்லி, சிவப்புக் கதவுக்கு முன்னால் வந்து நின்றேன்.

“கதவுகிட்ட வந்துட்டேன் மாப்ள,” என்றேன்.

“போன தடவ தெறந்துச்சா?” என்று கேட்டான்.

மவுஸின் மேல் என் கை அப்படியே நின்றுவிட்டது. “எந்தத் தடவ?” என்றேன்.

“டெஸ்ட்டு விட்டானுகள்ல, அப்பத்தான். ஒம் பேருக்குக் கீழ பச்சையா வந்துச்சு. போனக் கண்ணுல ஒட்டவச்சு எழுத்தெழுத்தாக் கூட்டிப் படிச்சேன். கேம் பேரேதான். எனக்குச் சந்தோசம் தாங்கல. சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன், இந்தா கூப்புடுவான், இந்தா கூப்புடுவான்னு. பொறுக்கமாட்டாம நானே போன் போட்டேன். ஆபீஸ்ல இருக்கேன்னு சொன்ன.”

அவன் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டுக் கையை ஓங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். “ஞாயித்துக்கெழம ஒன்னக் கூப்புடத்தான்டா இருந்தேன். சத்தியமா. பத்து மணின்னு போட்டிருந்தான், அது கொரியா நேரம், நான் நம்ம ராத்திரின்னு நெனச்சுட்டேன்...” என்று இழுத்தேன்.

“சனிக்கெழமையும் கொரியா நேரந்தானாடா?” என்றான்.

திரையில் படகுக்காரன் கதவுக்கு முன்னால் நின்றபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். நாற்காலியில் இருந்தவன், கதவைப் பற்றிக் கேட்டதற்குப் பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறான் என்று தெரிந்தது.

“தெறக்கலடா,” என்றேன். “அப்பத் தெறக்கல.”

“ம்.” கோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். “சரி. இப்பத் தட்டிப் பாரு.”

தட்டினேன். கதவு திறந்தது. கிரீச்சென்ற சத்தம் கேட்டு அவன் நாற்காலியில் நிமிர்ந்தான். “தெறந்துருச்சா? தெறந்துருச்சுல்ல! உள்ள என்னடா இருக்கு?”

உள்ளே ஏதோ வெளிச்சமாக இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணிலிருந்து வழிந்து வழிந்து திரை முழுக்கக் கரைந்துபோயிருந்தது. துடைத்தேன், மறுபடி நிறைந்தது.

“இரு மாப்ள. ஒண்ணும் தெரியல,” என்றேன்.

“ஒனக்குமாடா?” என்றான்.